மழைக்காலம் முழுக்க நின்ற ஹெரால்டு: சாவியைத் தொடுவதற்கு முன்

கேள்வி: அப்பா ஓட்டிய 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு மாடல், தருமபுரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஆவணியில் மழை பிடித்ததும் தார்ப்பாய் போட்டு மூடினேன். தை பிறந்துவிட்டது. பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு காரிலிருந்து ஜம்பர் வயர் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டால் நேராக ஒகேனக்கல் போய் வரலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஐந்து மாதம் நின்ற ஹெரால்டு ஜம்பர் வயரில் ஸ்டார்ட் ஆகிவிடும். எனக்குப் பயமே அதில்தான். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்ட வண்டியை யாரும் திரும்ப ஜாக்கியில் ஏற்றிப் பார்ப்பதில்லை. ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் மலை இறக்கம். வழியில் இன்ஜின் நின்றால் ஓரம்கட்டிவிட்டு டீ குடிக்கலாம். இறக்கத்தில் பிரேக் போனால் டீக்கடை உங்களைத் தேடி வராது. அதனால் முதலில் சக்கரம், பிறகு பெட்ரோல், கடைசியில்தான் சாவி.

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு சுகம். இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் முகப்பும் மட்கார்டுமாக மொத்தமும் முன்னால் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உட்காரும் முன் ஒரு குச்சியை விட்டுக் கிளறிவிடுங்கள். மழைக்குக் காய்ந்த இடம் தேடியது நீங்கள் மட்டுமில்லை. எனக்கு வந்த ஒரு வண்டியில் ஏர் கிளீனர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு கை நிலக்கடலைத் தோல், நடுவில் பஞ்சு மெத்தை, எலி குடும்பமே நடத்தியிருந்தது. பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயிலிலிருந்து, அதைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரின் மேலுறை பாதி காணோம். சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருந்தால் இன்ஜின் மூச்சு விட முடியாமல் திணறும். நீங்கள் கார்புரேட்டர்தான் கோளாறு என்று அதைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இனி பிரேக். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்திருந்தால் பின் சக்கர டிரம்மில், அதை உரசி நிறுத்தும் லைனிங் துருவோடு ஒட்டியிருக்கும். கியர் போட்டு இழுத்து விடுவிக்காதீர்கள். லைனிங் அதைத் தாங்கும் ஷூவிலிருந்து பிய்ந்து வரும். சக்கரத்தைக் கழற்றி, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச்சுத்தியால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் விடும். டிரம்மைக் கழற்றியதும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. நான்கு சக்கரத்திலும் இதைச் செய்ய வேண்டும். காரணம், அந்தக் கால ஹெரால்டில் பிரேக் லைன் ஒன்றே ஒன்று. இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மறுபாதி காப்பாற்றும். இதில் எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் பெடல் தரை வரை போய்விடும். நான்கு சக்கரமும் சேர்ந்து போச்சு.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் யோசிக்காமல் மொத்தமும் வெளியேற்றி, டாட் 3 அல்லது டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்துச் சூட்டில் உள்ளேயே கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு; ரப்பரெல்லாம் ஊதிப்போய்விடும், அப்புறம் எல்லா கிட்டும் புதிதாகப் போட வேண்டும். முன் சக்கரத்து ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே இன்னொரு வேலை. ஹெரால்டைக் குடும்ப வண்டி என்று லேசாக நினைக்க வேண்டாம். இது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அந்த ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவரும் ஒருவரே, இத்தாலியர் மிக்கெலோட்டி. அந்த உறவின் பலவீனமும் இரண்டுக்கும் பொது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, டிரன்னியன் என்ற உலோகக் கூட்டுக்குள் மரையாக இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழல்கிறது. அதற்குத் தேவை கிரீஸ் இல்லை, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் அடிக்கும் நிப்பிளைப் பார்த்ததும் நம் பட்டறைகளில் கை தானாக கிரீஸ் கன்னுக்குப் போகும். கிரீஸ் மரையின் அடி வரை இறங்காது. மழை ஈரம் இறங்கிவிடும். துருப்பிடித்து, ஒரு நாள் தண்டே முறியும். என் சொந்த ஹெரால்டில் ஒரு பட்டறைக்காரர் வருடக்கணக்காக கிரீஸ்தான் அடித்திருக்கிறார், நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது படக்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது முன் சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து படுத்திருந்தது. நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஒரு கிரீஸ் கன்னைக் கழுவி அதில் கியர் ஆயிலை நிரப்பி, சக்கரம் தொங்கும் நிலையில் ஆயில் கசிந்து வெளியே வரும்வரை அடியுங்கள். பழைய கிரீஸ் இறுகியிருந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

டயரில் பட்டன் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பதைவிட வயதைப் பாருங்கள்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் தயாரித்த வாரத்தையும் பின் இரண்டும் வருடத்தையும் சொல்லும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒகேனக்கலை மறந்துவிடுங்கள்.

பெட்ரோலுக்கு வருவோம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவுக்கு மேல் உறிஞ்சியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். தகர டேங்குக்கு அதைவிடப் பெரிய விரோதி இல்லை. ஆவணிப் பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள், வெட்டவெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல். வார்னிஷ் வாடை அடித்தால் அது எதற்கும் உதவாது. இன்ஜின் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் பம்பின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் செம்மண் கரைசல் மாதிரி படிந்திருந்தால் டேங்கின் கதை அதிலேயே எழுதியிருக்கிறது. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். 1966-ல் ரப்பர் செய்தவர்கள் எத்தனாலை நினைத்துச் செய்யவில்லை.

பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கருகே வையுங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் பம்பின் உள்சவ்வான டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயில் சேம்பருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு இன்ஜினைச் சுற்றினால் பேரிங் போகும். வாடை இல்லாவிட்டாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்; நம் வெயிலுக்கு 20டபிள்யூ-50 சரி. ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஃபுளோரைடுக்குப் பயந்துதான் ஒகேனக்கலிலிருந்து குடிநீரே கொண்டுவந்தார்கள். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் காரையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இப்போது பேட்டரி. ஜம்பர் வயரை நான் தடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த். உங்கள் வண்டியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்க்காமல் பக்கத்து வீட்டு காரோடு இணைத்தால் கெடுவது இரண்டு வண்டி, ஒரு சிநேகம். பேட்டரியைக் கழற்றி மெதுவாக சார்ஜ் ஏற்றுங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. ஏற்றியும் 12-க்குக் கீழே இறங்கினால் புதிதுதான்.

நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் டாப் கியரில் போட்டு வண்டியைக் கையால் தள்ளுங்கள். இன்ஜின் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு நியூட்ரலில், காயில் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே செல்ஃபைச் சில வினாடிகள் விட்டு விட்டு அடியுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை. அணைந்தால்தான் பிளக்கையும் காயில் வயரையும் திரும்ப மாட்டலாம். பம்பின் கைநெம்புகோலால் பெட்ரோலை ஏற்றி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்துவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் அதில் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. குடும்பத்தோடு சுற்ற ஆசையென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

முதல் ஓட்டம் அதியமான்கோட்டை வரை போதும். கால பைரவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். அங்கிருந்து அப்படியே தொப்பூர் மலைப்பாதைப் பக்கம் இறங்கிவிடாதீர்கள். நடுவில் ஆளில்லாத இடத்தில் மூன்று நான்கு முறை பிரேக் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, டிரம்மைத் திரும்பக் கழற்றுங்கள். நான்கும் ஒன்றுபோல இருந்தால் அடுத்த ஞாயிறு பென்னாகரம் வழியாகக் கிளம்பலாம். ஒன்று மட்டும்: இறக்கத்து வளைவில் பாதியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடவோ பிரேக்கை மிதிக்கவோ தம்பியை விடாதீர்கள். ஹெரால்டின் பின் சக்கரங்கள் அப்போது உள்ளே மடங்கி, வால் வெளியே வீசும். வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்பே குறைத்து, கீழ் கியரில் இறங்கட்டும்.