காலிக் கட்டமும் பூஜ்யமும்: ஆர் (R என்ற புள்ளியியல் மென்பொருள்) கேள்வி-பதில்

பறவைக் கணக்குப் போட, நாலு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஆர் ஓடுமா? (குடியாத்தம்)

ஓடும். உங்கள் பறவைக் கணக்கு சில ஆயிரம் வரிசைதானே.

எரர் வருகிறது, என்ன செய்ய? (ஊர் போடவில்லை)

என்ன எரர்? சிவப்பில் வருவதை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள். எனக்கு ஜோசியம் தெரியாது.

கழிஞ்சூர் ஏரியில் நீர்க்காகம் எண்ணினேன். சராசரி போட்டால் என்ஏ (NA, அதாவது மதிப்பு இல்லை) என்று வருகிறது. என்ஏவை விலக்கச் சொன்னதும் 10 வந்தது. சரிதானே? (காட்பாடி)

தப்பு. இதே தப்பை மாதம் ஒருவராவது அனுப்புகிறீர்கள். உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தேன், ஐந்து நாளுக்குக் கட்டம் இருக்கிறது: 12, காலி, 8, காலி, காலி. போய் நின்று பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை என்றால் அது 0, அதை எழுத வேண்டும். மழையால் போகவே இல்லை என்றால்தான் காலி. ஐந்து நாளும் போயிருந்தால் சராசரி 4. கடைசி நாள் மட்டும் போகவில்லை என்றால் 5. நீங்கள் சொல்லும் 10, பறவை இருந்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்த கணக்கு. எது காலி, எது 0 என்று ஆருக்கு எப்படித் தெரியும்? அது உங்கள் நோட்டில்தான் இருக்கிறது, நோட்டிலும் இல்லை என்றால் கூடப் போனவரைக் கேளுங்கள். அப்புறம், எக்செல்லில் மூல ஃபைலைத் திறந்து அதிலேயே திருத்தாதீர்கள், தேதியை அது தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

எண்ணிக்கைத் தரவுக்கு பாய்சான் மாடல் (சராசரியும் பரவலும் சமம் என்று கொள்ளும் மாடல்) போதுமா? (வேலூர்)

மிச்ச டீவியன்ஸை (மாடலுக்கும் தரவுக்கும் உள்ள விலகலின் அளவு) டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடத்தால் (வரிசைகளின் எண்ணிக்கையில் மாடல் கணித்த கெழுக்களைக் கழித்தது) வகுங்கள். 1 பக்கம் வந்தால் பாய்சான், 3, 4 என்று ஏறினால் பரவல் கூடினாலும் தாங்கும் நெகட்டிவ் பைனாமியல் மாடல் போட்டுப் பாருங்கள். சாம்பல் நாரை கூட்டமாக வரும் ஏரியில் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்.

பழைய செடிப் பதிவுகளை மாவட்டப் பெயர் வைத்து இன்றைய வரைபடத்தோடு இணைத்தேன். பாதிக்கு மேல் என்ஏ. (திருப்பத்தூர்)

வராமல் என்ன? 'வட ஆற்காடு' 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் வேலூர் மூன்றானது. 'வட ஆற்காடு, ஜவ்வாது மலை' என்ற பதிவு இன்று திருவண்ணாமலையா, திருப்பத்தூரா, வேலூரா? மாவட்டத்தை விடுங்கள், கிராமப் பெயரை வைத்து அட்சரேகை, தீர்க்கரேகை தேடி எடுத்துப் புது நெடுவரிசையில் போடுங்கள். ஜவ்வாது, ஜவாது, ஜாவாது என்று மூன்று விதமாக எழுதியிருந்தால் ஆருக்கு அது மூன்று மலை. அதையும் ஸ்கிரிப்டில் (ஆர் கட்டளைகளை எழுதிவைக்கும் ஃபைல்) சரிசெய்யுங்கள், மூல ஃபைலில் அல்ல.