இருபத்து நான்கிலேயே நிற்கும் வீரன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாக நண்பர்கள் ஐவர் இணையத்தில் எழுத்துவழி ரோல்பிளே ஆடி வருகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, மாறி மாறிப் பதிவு எழுதி ஒரே கதையை வளர்ப்போம். என் கதாபாத்திரம் ஒரு வாள்வீரன். தொடங்கியபோது அவனுக்கு வயது 24. மூன்று போர்களைக் கண்டு, ஒரு முறை தொடையில் ஈட்டி பாய்ந்து பிழைத்தபின் இன்றும் 24தான். இப்போது டைம் ஸ்கிப் வைத்து, கதையைப் பத்து ஆண்டுகள் ஒரே தாவலில் முன்னே கொண்டுபோகலாம் என்கிறார்கள். அவன் தோளில் தூக்கித் திரிந்த தோழனின் மகளுக்கு அதன்பின் 16 ஆகிவிடும். எனக்கு மனமில்லை. கதைக்குள் காலத்தை எந்தக் கணக்கில் ஓட்டுவது? நமக்கு ஒரு நாள் என்றால் அங்கும் ஒரு நாளா? அல்லது அவனை எல்ஃப் என்னும், கூர்காதும் நீண்ட ஆயுளும் கொண்ட கற்பனை இனத்தவனாக ஆக்கிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானே என் பழைய கதாபாத்திரம் ஒன்றின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே.

எல்ஃப் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஆறு ஆண்டுகள் மனிதனாக எழுதியவனுக்குக் காதை நீட்டிவிட்டால் ஆயுளும் நீண்டுவிடும் என்று நினைப்பது வெறும் சோம்பேறித்தனம்.

நாளுக்கு நாள் என்ற கணக்கும் எழுத்துவழி ஆட்டத்தில் நிற்காது. மூவர் சேர்ந்து எழுதும் காட்சியில் ஆளுக்குப் பன்னிரண்டு பதிவுகள், மூன்று நாளுக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டால், கதைக்குள் ஒரே இரவில் முடிகிற சண்டைக்கு நமக்கு 108 நாட்கள் பிடிக்கும். கோடையில் உருவிய வாளைக் குளிர்காலத்தில் உறையில் போட வேண்டியிருக்கும். ஆகவே காட்சி முடியும்வரை காலத்தை நிறுத்திவைத்து, ஓர் அத்தியாயம் முடிந்ததும் எல்லோருமாகக் கூடி ஆண்டுகளை நகர்த்துங்கள்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1985இல் வெளிவந்த பெண்ட்ராகன் என்னும், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே விளையாட்டில், கிரெக் ஸ்டாஃபோர்ட் ஆண்டுக்கு ஒரு சாகசம் என்பதைப் பொது வழக்கமாக வகுத்து, அதன் முடிவில் குளிர்காலம் என்றொரு கட்டத்தை வைத்தார். வீரனின் திருமணமும் பிள்ளைப்பேறும் அங்கேதான் தீர்மானமாகும். 35 வயதைக் கடந்தவன் பகடை உருட்டித் தன் உடல்வலுவில் எதையாவது இழக்க நேரலாம். அவன் மாண்டால் ஆட்டக்காரர் அவன் மகனை ஏற்று ஆட்டத்தைத் தொடர்வார். 1977இல் வந்த டிராவலர் என்னும் விளையாட்டு இன்னும் கறாரானது. அதில் கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிக்காலத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடுதல் திறமை கேட்பவர் கூடுதல் வயதையும் வாங்கியாக வேண்டும், 34இலிருந்து உடல் தளர்வுக்கான பகடையும் வந்துவிடும்.

உங்கள் வீரனிடம் இல்லாதது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். மூன்று போர்களின் தேர்ச்சி அவனுக்கு இருக்கிறது. எதிரியின் தோள் அசைவதைக் கொண்டே வீச்சைக் கணிப்பான் என்று நீங்கள் நிச்சயமாக ஒரு முறையாவது எழுதியிருப்பீர்கள். அந்தத் தேர்ச்சியைக் கொடுத்த ஆண்டுகளை மட்டும் எங்கே ஒளித்துவைத்தீர்கள்? தொடையில் பாய்ந்த ஈட்டி என்ன ஆயிற்று? குளிரில் அந்தக் கால் மரத்துப்போகிறதா, குதிரையில் ஏறும்போது அவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான், நெடுநேரம் நின்றபின் யாரும் பார்க்காதபடி எதன்மேல் சாய்கிறான்? தோழனின் மகளுக்கு மட்டும் வயது ஏற வேண்டும், உங்களவனுக்கு ஏறக் கூடாது என்றால், அந்தப் பெண் யார் தோளில் வளர்ந்தாள்? உங்களோடு எழுதும் நால்வரும் அவன்மேல் செய்தவற்றையெல்லாம் நீங்கள் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர்களில் யாரும் இதுவரை சொல்லவில்லை என்றால், அது அவர்களுடைய பெருந்தன்மை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே தவற்றை உங்களைவிட மோசமாக நான் செய்திருக்கிறேன். என்னுடையவர் ஒரு படகோட்டி, வயது 31. என் தோழி எழுதிய மருத்துவச்சி ஒரு மாலையில் படகில் ஒரு காலை வைத்து, "அக்கரையில் மழையா?" என்று கேட்டாள். அதுதான் தோழியின் கடைசிப் பதிவு. சண்டை எதுவும் இல்லை. அவள் வாழ்க்கை வேறு பக்கம் போயிற்று, அவ்வளவுதான். நான் மட்டும் நான்கு ஆண்டுகள் அந்தப் படகோட்டியை 31இலேயே வைத்திருந்தேன். மற்றவர்களோடு எழுதிய காட்சிகளில் பருவகாலத்தைக் குறிப்பிடாமல் நழுவினேன், திருவிழா வந்தால் அவரை நோயில் படுக்கவைத்தேன். அவள் திரும்பி வந்தால் அதே ஆள், அதே துடுப்போடு, அதே கரையில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு நாள், முன்பு ஏழு வயதுச் சிறுவனாக என் படகில் ஏறிய கதாபாத்திரம் பதினைந்து வயதுப் பையனாக வந்து, "நான் சின்னவனாக இருந்தபோது பார்த்த அதே முகம், ஐயா" என்றான். அதை எழுதியவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அன்றிரவு நான் எழுதிய பதிவில் வயது என்ற சொல்லே கிடையாது. நடு ஆற்றில் படகோட்டி துடுப்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுகிறார், பையன் அதைப் பார்த்துவிடுகிறான், கேட்காமலே மற்றொரு துடுப்பை எடுத்துக்கொள்கிறான். நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய உருப்படியான பதிவு அது ஒன்றுதான். மருத்துவச்சி கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. நான் அதை மூடவில்லை.

டைம் ஸ்கிப்புக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் அதிகம் என்று தோன்றினால் நான்கு ஆண்டுகள் என்று பேசிப் பாருங்கள். அது உங்கள் ஐவரின் பாடு. ஆனால் "பத்து ஆண்டுகள் கழித்து" என்று தலைப்பில் போட்டுவிட்டு, வயதுக் கட்டத்தில் 34 என்று மாற்றிவிட்டு, அதே பையனைப் பேசவிடாதீர்கள். இடைவெளியில் அவன் எதை விட்டான், எதைச் செய்யப் பழகிக்கொண்டான் என்று உங்களுக்காக மட்டும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் காட்சியில் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணோடு அவனை ஒரு கோட்டையின் படிக்கட்டில் ஏறவிடுங்கள். அவள் முன்னால் ஓடட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.