சீன மருந்தியல் படித்தால் என்ன வேலை? கேள்வி பதில்

ஹாங்காங்கில் சீன மருந்தியல் (சீன மூலிகை மருந்துகளை அடையாளம் கண்டு தரம் பார்க்கும் படிப்பு) பட்டம் படித்து, அங்கேயே ஒரு மூலிகைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்தது மலேசியாவில், ஆரம்பப் படிப்பு சீனப்பள்ளியில். இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கவிதா, ஈப்போ: அக்கா, சீன மருத்துவமும் சீன மருந்தியலும் ஒன்றுதானே? எதில் சேர்ந்தாலும் டாக்டர் ஆகலாமா?

ஆக முடியாதும்மா. பலர் சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள். அங்கே மருத்துவம் 6 வருஷம், மருந்தியல் 4 வருஷம். சீன மருத்துவக் கவுன்சில் நடத்தும் உரிமத் தேர்வை, கவுன்சில் ஏற்ற மருத்துவப் பட்டம் உள்ளவர்தான் எழுதலாம். முதலில் எழுத்து, அதில் தேறினால் நோயாளியை வைத்துச் செய்முறை. மருந்தியல் படித்தவர் நாடி பார்க்கவோ அக்குபஞ்சர் ஊசி போடவோ சட்டம் இடம் தராது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். இந்தப் பட்டத்தை வைத்து ஆங்கில மருந்துக்கடையில் பார்மசிஸ்டாகவும் பதிய முடியாது. அதற்குத் தனிப் படிப்பு, தனிப் பதிவு. பட்டத்தில் 'பார்மசி' என்று இருப்பதைப் பார்த்து உறவினர்கள் கணக்குப் போடுவார்கள், நீ போடாதே.

செந்தில், பாளையங்கோட்டை (சித்த மருத்துவ மாணவர்): எங்கள் குணபாடம் (மருந்துப் பொருள்களின் குணங்களைச் சொல்லும் பாடம்) மாதிரிதான் இருக்குமா?

பாதி அப்படித்தான் தம்பி. ஒவ்வொரு மருந்துக்கும் சுவை, வெப்ப-குளிர்ச்சித் தன்மை, எந்த உறுப்பில் வேலை செய்யும் என்று மனப்பாடம் செய்யவேண்டும். கூட்டு மருந்துகளைச் செய்யுளாகவே ஒப்பிப்போம். உங்களுக்கு இது புதிதில்லை. மருந்துப் பொருளின் நஞ்சை நீக்க நீங்கள் 'சுத்தி' என்று செய்வதற்கு அங்கே 'பாவ்ஜி' என்று தனிப் பாடமே உண்டு. வச்சநாபி இனத்துக் கிழங்கை நீண்ட நேரம் நீரில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள அகோனிட்டின் என்ற நச்சுப் பொருள் சிதைந்து நஞ்சு பல மடங்கு குறையும். பழைய ஆட்கள் நாக்கில் வைத்து, மரத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் கருவியில் ஏற்றி அளவு பார்க்கிறோம். ஹாங்காங்கின் சீன மருத்துவச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 31 நச்சு மருந்துகள் இருக்கின்றன. சுத்தி செய்யாத எட்டிக்கொட்டையும் நேர்வாளமும் அதில் உண்டு.

மீதிப் பாதிதான் எங்கள் பிழைப்பு: இது அதுதானா என்று அடையாளம் காண்பது. காய்ந்த வேரையும் பட்டையையும் வைத்து நேரம் குறித்துத் தேர்வு நடக்கும். பிறகு தூளை நுண்ணோக்கியில் பார்ப்பது, அதன்பின் வேதிப் பரிசோதனை. ஏன் இவ்வளவு கெடுபிடி? 1989-ல் ஹாங்காங்கில் இரண்டு பெண்கள் 'லொங்தான்சாவ்' என்று நம்பி வாங்கிய மூலிகையில் 'குய்ஜியு' என்ற நச்சு வேர் கலந்திருந்தது. இருவரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். அரசு அந்த ஆண்டே ஆய்வுக்குழு அமைத்தது. 1999-ல் சீன மருத்துவச் சட்டம் வந்தது.

பெல்ஜியம் கதை இன்னும் பெரிது. உடல் எடை குறைக்கத் தந்த மாத்திரையில் 'ஹான் ஃபாங்ஜி' போட்டிருக்கவேண்டும். வந்து சேர்ந்ததோ 'குவாங் ஃபாங்ஜி'. பெயரில் முதல் அசைதான் வித்தியாசம், செடியோ உங்கள் ஆடுதீண்டாப்பாளையின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1993-ல் மருத்துவ இதழில் வெளியானபோதுதான் உலகம் விழித்தது. மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் என்ன, கடையில் தவறான வேர் விழுந்தால் எல்லாம் போச்சு.

ஃபாத்திமா, கிள்ளான்: சீனம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பேசத் தெரிந்தால் போதாது. பழைய மருத்துவ நூல்கள் செவ்வியல் சீனத்தில் இருக்கும். உரை இல்லாமல் சங்கப் பாட்டைப் பிரிப்பது போன்ற வேலை அது. அறிவியல் பாடங்களைச் சமாளித்துவிடலாம். இந்த ஒரு பாடத்தில்தான் சீனப்பள்ளியில் படித்த நானே திணறினேன். ஹாங்காங்கில் கடையிலும் கிளினிக்கிலும் கான்டனீஸ் இல்லாமல் நகர முடியாது.

ரமேஷ், ஜொகூர் பாரு: நேராகக் கேட்கிறேன், எங்கே வேலை கிடைக்கும்?

என் வகுப்பில் பலர் போனது பரிசோதனைக் கூடங்களுக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்கும். ஹாங்காங்கில் விற்கும் தயார்நிலைச் சீன மருந்து (மாத்திரை, தூள் போன்றவை) ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்ற விதி 2010 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பதிவுக்குக் கன உலோகம், பூச்சிமருந்து எச்சம், கிருமி எண்ணிக்கை என்று அறிக்கைகள் வேண்டும். அதை எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் நான். காகிதம், கருவி, மறுபடியும் காகிதம். சுவாரஸ்யமான வேலை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நிலையான வேலை.

அரசுத் தரப்பில் சீன மருந்துப் பரிசோதனை நிறுவனம் இருக்கிறது, மூலிகைத் தர நிர்ணயத் திட்டமும் 2001 முதல் நடக்கிறது. செங் குவான் ஓ பகுதியில் 400 படுக்கைகளுக்குத் திட்டமிட்ட, சீன மருத்துவ முறைக்கான மருத்துவமனை 2025 டிசம்பரில் சேவையைத் தொடங்கியது. அங்கே மருந்து கொடுக்கும் பிரிவுக்கும் ஆட்கள் தேவை. சிலர் இழுப்பறை அலமாரி வைத்த பழைய மருந்துக்கடைகளுக்குப் போகிறார்கள். சம்பளம் குறைவு, ஆனால் முதலாளித் தாத்தாவிடம் கற்பதைப் பல்கலைக்கழகத்தில் கற்க முடியாது.

ஒரு தந்தை, சென்னை: மகன் சீன மருத்துவம் படித்துவிட்டு வந்து இங்கே கிளினிக் வைக்கலாமா?

வைக்க முடியாது ஐயா. இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையத்தின் கீழ் வரும் பாரம்பரிய முறைகள் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா ரிக்பா. சீன மருத்துவம் அதில் இல்லை. அக்குபஞ்சரை மத்திய அரசு 2019-ல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது, ஆனால் அது மூலிகை எழுதித்தர உரிமை ஆகாது. முகவர் யாராவது 'சீனாவில் எம்பிபிஎஸ்' என்று இதையும் சேர்த்துச் சொன்னால், பணம் கட்டாதீர்கள். அது முற்றிலும் வேறு படிப்பு. மகன் வெளிநாட்டிலேயே வாழப்போகிறார் என்றால் அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் பதிவு இல்லாமல் தொழில் செய்யக் கூடாது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மனசாட்சியோடு சொல்லுங்கள், இதெல்லாம் வேலை செய்யுமா?

சிலது செய்யும், சிலதுக்கு ஆதாரம் போதாது, சிலது ஆபத்து. மலேரியா மருந்து ஆர்டிமிசினினுக்காக 2015-ல் நோபல் வாங்கிய து யூயூ, பெய்ஜிங்கில் மருந்தியல் படித்தவர். 4-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில், அந்த மருந்தைத் தரும் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று மட்டும் இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானால் பிரித்தார். பழைய நூலை நம்பினார், ஆனால் சோதித்துப் பார்த்த பிறகு. என் நிலைப்பாடும் அதுதான்.

மீனா, பினாங்கு: மூலிகை வாசனையே எனக்கு ஒத்துக்கொள்ளாது. சேரலாமா?

முதல் வருஷம் கஷ்டம், பிறகு முகக்கவசம் போட்ட வேலைதான். ஒரு எச்சரிக்கை: பெருங்காயமும் அங்கே மருந்துப் பட்டியலில் உண்டு. அந்த டப்பாவைத் திறந்தபோது வகுப்பே மூக்கைப் பொத்தியது. எனக்கு மட்டும் பசித்தது.