அல்ஹம்பிரா: சிங்க முற்றத்துக்குள் ஏன் விடவில்லை?

ஸ்பெயினின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்பிரா கோட்டை வளாகத்துக்கு டிக்கெட் வாங்கிப் போயும் சிங்க முற்றத்துக்குள் விடவில்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டிக்கெட்டில் நஸ்ரிது அரண்மனைகள் சேர்ந்திருக்காது; சிங்க முற்றம் அந்த அரச மாளிகைகளுக்குள்தான் இருக்கிறது. சிங்க முற்றத்தைப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். தோட்டங்கள், ஹெனரலிஃபே என்ற கோடை மாளிகை, அல்கசாபா கோட்டை மட்டும் பார்க்கும் மலிவான டிக்கெட் ஒன்று தனியாக உண்டு. அல்ஹம்பிரா என்ற பெயரைப் பார்த்தே பலர் அதை வாங்கிவிடுகிறார்கள்.

அரண்மனைக்கென்று நுழைவு நேரம் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாதாடிப் பயனில்லை.

நாளையும் கிரனாடாவில்தான் இருப்பேன் என்கிறீர்களே, அரண்மனைக்கான இரவு டிக்கெட்டைத் தேடுங்கள். பகல் டிக்கெட் தீர்ந்த பிறகும் சில சமயம் கிடைக்கும். 14ஆம் நூற்றாண்டில் கிரனாடா சுல்தான் ஐந்தாம் முகமது எழுப்பிய முற்றமும் அந்த 12 பளிங்குச் சிங்கங்களும் விளக்கொளியில் தனி அழகு. ஆனால் சுவர் ஓடுகளின் நிறம் பகலில்தான் துலங்கும்.

பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். குறித்த நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள்.