வேர்முடிச்சும் ஊசி வாயும்: பெரம்பூர் மாடித்தோட்டக் கேள்வி பதில்

ஞாயிறு காலைச் சந்திப்பில் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்.

கொளத்தூர் அம்மா: தக்காளி மதியமானால் துவண்டுவிடுகிறது. வேரெல்லாம் முடிச்சு. அவரையில் வருமே, அந்த நல்ல முடிச்சா?

இல்லைம்மா. அவரை முடிச்சை விரலால் தள்ளினால் உதிரும். இது வேரே வீங்கியது, கழலாது. மண்ணில் இருக்கும் நுண்ணிய நூல் போன்ற புழு, வேர்முடிச்சு நூற்புழு, அதன் வேலை. அந்த மண்ணை வேறு பையில் கொட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை மாணவி: அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புழு வேருக்குள் எப்படிப் போகிறது?

இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். அதன் வாயில் குழாய் போன்ற ஊசி இருக்கிறது. குத்துவது, துப்புவது, உறிஞ்சுவது எல்லாம் அதில்தான். செல் சுவரைக் கான்கிரீட்டாக நினைத்துக்கொள்: செல்லுலோஸ்தான் கம்பி, சுற்றிலும் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும். புழுவின் தொண்டையருகே மூன்று சுரப்பிகள். நுழையும்போது வயிற்றுப்பக்கத்து இரண்டும் மும்முரமாக இருக்கும்: அவை சுரக்கும் நொதிகளில் செல்லுலேஸ் கம்பியை வெட்டும், பெக்டேட் லையேஸ் பெக்டினைச் சிதைக்கும். எக்ஸ்பான்சின் என்ற புரதம் எதையும் வெட்டாது, இழைகளின் பிடியை மட்டும் தளர்த்தும். வேர்முடிச்சுப் புழு செல்களுக்கு நடுவே நழுவிப் போகும். ஊட்டி உருளைக்கிழங்கைக் கெடுக்கும் முட்டைக்கூடு நூற்புழு செல்களைக் கிழித்துக்கொண்டே போகும். இடம் பிடித்ததும் முதுகுப்பக்கச் சுரப்பி முன்னுக்கு வரும். அப்புறம் பக்கத்துச் செல்கள் பூதமாய்ப் பெருத்து அதற்குச் சோறு போடும்.

ராயபுரம் வாத்தியார்: விலங்குக்குச் சொந்தமாகச் செல்லுலேஸ் கிடையாது, சார். மாட்டுக்கே வயிற்று நுண்ணுயிரிதான். புழுவுக்குள்ளும் பாக்டீரியா இருக்கும்.

மாடு சரி. ஆனால் 1998இல் முட்டைக்கூடு நூற்புழுவிலேயே செல்லுலேஸ் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் கரையானிலும்.

வாத்தியார்: ஒட்டிக்கொண்டு வந்த பாக்டீரியாவின் மரபணுவாக இருக்கலாமே?

அதில் இன்ட்ரான்கள், அதாவது புரதம் செய்யும்முன் வெட்டி எறியப்படும் இடைத்துண்டுகள், இருக்கின்றன, ஐயா. பாக்டீரியா மரபணு அப்படி இருக்காது. ஆனால் புரதத்தின் சாயல் பாக்டீரியாவுடையதுதான். எப்போதோ அங்கிருந்து தாவி வந்து, புழுவின் சொத்தாகிவிட்டது.

வாத்தியார்: அப்போ திருட்டுச் சொத்து!

பைன் மரத்தைக் கெடுக்கும் நூற்புழுவின் செல்லுலேஸில் இருப்பது பூஞ்சைச் சாயல். அங்கே திருட்டு வேறு வீட்டில். (இதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது.)

வியாசர்பாடி: மண்புழுதான் காரணமா?

இல்லை.

திருவொற்றியூர்: மிளகாய் இலை சுருள்கிறது.

பூச்சிக்காரரைக் கேளுங்கள், நான் வேர்க்காரன்.

மணலி: குருணை மருந்து போடலாமா?

தக்காளியை நீங்கள்தானே சாப்பிடப்போகிறீர்கள்? வேண்டாம்.

கொடுங்கையூர்: பழைய மண்ணைக் காயவைத்துப் போடலாமா?

நாலாவது தடவை! முட்டைகள் பசைப் பொதிக்குள் பத்திரமாக இருக்கும். மண்ணை நனைத்து, மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி மே மாத வெயிலில் ஆறு வாரம் விடுங்கள். மொட்டை மாடி இருக்கிறதல்லவா?