மாமியின் அறைக் கதவைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், மாலை வேளைகளில் தரம் 10, 11 மாணவர்களுக்கும் உயர்தரப் பொது ஆங்கிலம் எடுக்கும் சிலருக்கும் வகுப்பு நடத்துகிறேன். ஒரு வசனத்தில் வரிசையாக வரும் உறுப்புகளை ஒரே வடிவத்தில் எழுதும் சமாந்தர அமைப்பை எத்தனை தடவை விளக்கினாலும் பிள்ளைகளுக்கு ஏறுவதில்லை. ஜெரண்ட் ('ரீடிங்' போன்றது), இன்பினிடிவ் ('டு ரீட்' போன்றது) எல்லாவற்றுக்கும் வரைவிலக்கணம் எழுதிக் கொடுத்தேன். ஆபிரகாம் லிங்கனின் புகழ்பெற்ற வசனத்தையும் பலகையில் எழுதிக் காட்டினேன். பயிற்சித்தாளில் சரியாகச் செய்கிறார்கள். கட்டுரையில் 'ஐ லைக் ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் டு சிங்' என்றே எழுதுகிறார்கள். வீட்டிலும் நிம்மதியாக வகுப்பெடுக்க முடியவில்லை. என் மாமி யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். மாமா காலமான பின் எங்களோடு இருக்கிறார். ஒருநாள் ஒரு பிள்ளை கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தபோது, குசினிக்குள் இருந்தபடியே 'திரும்ப வாசி பிள்ளை' என்று மூன்று தடவை குரல் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வகுப்பு நேரத்தில் அவரை அறைக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறேன். நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்று சொல்வீர்களா? அல்லது பரீட்சை முடியும்வரை இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?
— ஆசிரியை, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தின் முதற்பாதி எனக்குப் பழகிய கதை. விதி தெரிகிறது, பயிற்சியில் புள்ளி கிடைக்கிறது, கட்டுரையில் மட்டும் பிழை திரும்பி வருகிறது என்று ஆங்கிலம் கற்பிப்போர் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நீங்கள் நன்றாகத்தான் கற்பிக்கிறீர்கள், போகப் போகப் பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுதப் போவதில்லை. உங்கள் மாமியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கைந்து வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மற்றப் பிள்ளைகள் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். கதவைச் சாத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் தடவை வாசித்தபோது அந்தப் பிள்ளை தன் வசனத்தைத் திருத்தியதா இல்லையா என்பதை மட்டும் எழுதவில்லை. ஓர் ஆசிரியை முதலில் கவனித்திருக்க வேண்டியது அதைத்தானே? நீங்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்ல மனம் வரவில்லை. பிள்ளை திருத்தியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு என்னிடம் காரணம் உண்டு.

சமாந்தர அமைப்பில் பிள்ளைகள் விடும் பிழைகள் இரண்டு வகைப்படும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்புகிறீர்கள். 'ஷி இஸ் கைண்ட், ஹொனஸ்ட் அண்ட் ஹாஸ் பேஷன்ஸ்' என்று ஒரு பிள்ளை எழுதினால், பொதுவாக நிற்கும் 'ஷி இஸ்' என்பதை ஒவ்வொரு உறுப்போடும் தனித்தனியே சேர்த்து வாசிக்கச் சொன்னாலே போதும். 'ஷி இஸ் கைண்ட்' சரி, 'ஷி இஸ் ஹொனஸ்ட்' சரி, 'ஷி இஸ் ஹாஸ் பேஷன்ஸ்' என்று வந்தவுடன் வாசித்த பிள்ளையே சிரித்துவிடும். இந்த வகைப் பிழைக்கு எந்த வரைவிலக்கணமும் தேவையில்லை. ஆனால் நீங்கள் கடிதத்தில் காட்டிய பிழை இதுவல்ல. 'ஐ லைக் ரீடிங்' சரி, 'ஐ லைக் ஸ்விம்மிங்' சரி, 'ஐ லைக் டு சிங்' என்பதும் சரிதான். மூன்றில் எதுவும் எந்த விதியையும் மீறவில்லை. ஜெரண்ட் இன்னது, இன்பினிடிவ் இன்னது என்று பிள்ளை பிசகில்லாமல் ஒப்புவித்தாலும், 'லைக்' என்ற வினைக்குப் பின் இரண்டுமே வரலாம் என்பதால், தன் வசனத்தில் என்ன குறை என்று அதற்குத் தெரியப் போவதில்லை. மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்போதுதான் கடைசியில் நிற்பது பொருந்தாமல் துருத்துகிறது. அதை உணர வேண்டுமானால் வசனத்தைச் சொல் சொல்லாக அல்லாமல், ஒரே மூச்சில் முழுவதாக வாசிக்க வேண்டும். முதல் தடவை வாசிக்கும் பிள்ளை எழுத்துக்கூட்டுகிறது. இரண்டாம் தடவை, ஏதோ பிழை இருக்கிறதென்ற பயத்தில் எழுத்துப்பிழை தேடுகிறது. மூன்றாம் தடவைதான் தான் எழுதியதைத் தானே கேட்கிறது. உங்கள் மாமி கொப்பியைக் கண்ணாலும் காணாமல், அடுப்படியில் நின்றபடி, காதால் மட்டுமே அந்தப் பிழையைப் பிடித்திருக்கிறார். பிழை எங்கே என்று சொல்லாமல் பிள்ளையையே தேடவும் வைத்திருக்கிறார். உங்கள் பயிற்சித்தாள்களும் வரைவிலக்கணங்களும் செய்யாத வேலையை மூன்று சொற்களில் செய்தவரைத்தான் நீங்கள் அறைக்குள் இருத்திவிட்டீர்கள்.

பயிற்சித்தாளில் சரியாகச் செய்கிறார்கள் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். பயிற்சித்தாளின் தலைப்பிலேயே 'பிழையைத் திருத்துக' என்று அச்சிட்டிருக்கிறது. பிழை இருப்பது தெரிந்தால் எந்தப் பிள்ளையும் தேடும். கட்டுரையில் அப்படி எவரும் எச்சரிப்பதில்லை. கட்டுரைப் பிழைகளை நீங்களே சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். சிவப்பு மையைக் கண்டால்தான் கட்டிய காசுக்கு வேலை நடக்கிறதென்று நம்பும் பெற்றோர் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகப் பிள்ளை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்துகொண்டிருந்தால், ஆண்டு முடிவில் உங்கள் ஆங்கிலம்தான் தேறியிருக்கும்.

அடுத்ததாக, இந்தப் பிள்ளைகள் தமிழில் சிந்திப்பவர்கள் என்பதை உங்கள் பாடம் ஓரிடத்திலும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 'எனக்கு வாசிப்பதும் நீந்துவதும் பாடவும் பிடிக்கும்' என்று எழுதிக் காட்டுங்கள். இலக்கணமே படிக்காத பிள்ளைகூட முகத்தைச் சுளிக்கும். ஆக, சமாந்தர அமைப்பு அவர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. தமிழில் எண்ணும்மை, அதாவது அடுக்கிச் சொல்லும்போது வரும் 'உம்', ஒவ்வோர் உறுப்போடும் ஒட்டிக்கொண்டு வருவதால், முதல் உறுப்பில் எடுத்த வடிவத்தைக் கடைசி உறுப்புவரை அது நினைவூட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் 'அண்ட்' என்பது பெரும்பாலும் கடைசி உறுப்புக்கு முன்னால் ஒரேயொரு தடவைதான் வருகிறது. பட்டியல் நீண்டால், அந்த இடத்தை எட்டுவதற்குள் எந்த வடிவத்தில் தொடங்கினோம் என்பதைப் பிள்ளை மறந்துவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் இன்னொரு பிழையும் இங்கேயே பிறக்கிறது. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் பாடசாலைக்குப் போனேன்' என்று தமிழில் வினையெச்சங்களை அடுக்கி, முடிவில் வரும் வினைமுற்றில் மட்டும் காலத்தை வைக்கிறோம். அதையே மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளை, 'ஐ கொட் அப், பாதிங், ஈட்டிங் அண்ட் வென்ட் டு ஸ்கூல்' என்று எழுதுகிறது. நீங்கள் இதைக் கவனயீனம் என்று திட்டியிருப்பீர்கள். பிள்ளை தன் தாய்மொழியின் ஒழுங்கை அப்படியே காப்பாற்றப் பார்த்திருக்கிறது. இரண்டு வசனங்களையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தமிழில் காலம் எங்கே நிற்கிறது, ஆங்கிலத்தில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினால், 'கொட் அப், பாத்ட், எட் அண்ட் வென்ட்' என்று அவர்களே எழுதிவிடுவார்கள்.

லிங்கனைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். 1863ஆம் ஆண்டு கெட்டிஸ்பேர்க்கில் அவர் சொன்ன 'ஒப் த பீப்பிள், பை த பீப்பிள், போர் த பீப்பிள்' அருமையான வசனம்தான். ஆனால் அங்கே மாறுவது முன்னிடைச்சொல் மட்டுமே, பெயர்ச்சொல் மூன்றிடத்திலும் அதேதான். அந்த மாதிரி இடத்தில் உங்கள் மாணவர் ஒருவரும் பிழைவிடுவதில்லை. பிழை நேரக்கூடிய இடத்தைக் காட்டாத உதாரணத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பேச்சுப் போட்டியில் சொல்வார்கள், கட்டுரைக்கு அதனால் எந்தப் பயனும் வராது. அவர்கள் எழுதியதிலிருந்தே பிழை வசனமொன்றை எடுத்து, பெயரைச் சொல்லாமல், பலகையில் செங்குத்தாக எழுதுங்கள். 'ஹர் ஜொப் இஸ்' என்பதை மேலே எழுதிவிட்டு, அதன் கீழே 'ஆன்சரிங் கோல்ஸ்', அதற்கும் கீழே 'கீப்பிங் ரெக்கோர்ட்ஸ்', கடைசியாக 'டு மீட் விசிட்டர்ஸ்' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், காது தவறவிடுவதைக் கண் பிடித்துவிடும். திருத்தும்போது ஒரேயொரு விடைதான் உண்டென்று அடம்பிடிக்க வேண்டாம். 'ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் சிங்கிங்' என்பதும் சரி. 'டு ரீட், டு ஸ்விம் அண்ட் டு சிங்' என்பதும் சரி. 'டு' என்பதை முதலில் மட்டும் வைத்து 'டு ரீட், ஸ்விம் அண்ட் சிங்' என்றாலும் சரி. 'டு ரீட், ஸ்விம் அண்ட் டு சிங்' என்பதுதான் ஆகாது. வைத்தால் எல்லாவற்றுக்கும் வை, இல்லையென்றால் முதலில் மட்டும் வை என்று சொல்லிக் கொடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத விடயத்துக்கு வருகிறேன். கணவரை இழந்து, தான் வாழ்ந்த ஊரையும் விட்டு மகன் வீட்டுக்கு வந்த ஒரு தாயை, பின்னேரம் முழுவதும் அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்துவதை 'வகுப்பு ஒழுங்கு' என்று நீங்கள் சொல்லலாம். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் படலையைத் திறந்தால் வீதியால் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை கதைப்பார்கள், படிப்பித்த பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி 'ரீச்சர், சுகமா?' என்று கேட்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை. லிப்டில் ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் குறைவு. அந்த வீட்டுக்குள் வெளியுலகம் நுழைவது உங்கள் மாணவர்கள் வரும் நேரத்தில் மட்டும்தான். அந்த நேரத்தைத்தான் நீங்கள் அவருக்கு மறுத்திருக்கிறீர்கள். அவர் குறுக்கிட்டது உங்களைச் சிறுமைப்படுத்துவதற்காக என்று நினைத்துவிட்டீர்கள் போலும். அவர் பேசியது உங்களிடமல்ல, பிள்ளையிடம். காலமெல்லாம் கற்பித்த ஒருவருக்குக் காதில் பிழை விழுந்தால் வாய் சும்மா இராது. அதைக் குற்றமாகக் கொள்ளும் மருமகள், அதே தொழிலைச் செய்பவராக இருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் தாய் தினமும் மாலையில் அறைக்குள் இருப்பது அவருக்குத் தெரியுமா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறார் என்றால், இந்தப் பத்தியை அவரும் வாசிக்கும்படி மேசையில் விரித்து வையுங்கள். பெற்றவளைப் பார்க்கிற கடமை சாப்பாடும் மருந்தும் வாங்கிக் கொடுப்பதோடு தீர்ந்துவிடுவதில்லை.

மாமியிடம் போய் நேராகப் பேசுங்கள். 'மாமி, கட்டுரை வாசிக்கிற நேரம் நீங்கள் வந்து கதிரையில் இருந்து கேளுங்கோ' என்று கூப்பிடுங்கள். உதவிக்கு ஆள் இல்லையே என்ற தொனி அதில் வரக் கூடாது. வகுப்பு உங்களுடையது என்பதை அவரும் ஏற்க வேண்டும் என்பதால், எல்லையையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் விளக்கும்போது அவர் பேசுவதில்லை, பிள்ளைகள் வாசிக்கும்போது நீங்கள் பேசுவதில்லை. வகுப்பின் கடைசி அரைமணி நேரம் அவருடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதிய ஒரு பத்தியை உரக்க வாசிக்க, அவர் 'திரும்ப வாசி' என்று மட்டும் சொல்லட்டும். மூன்றாம் தடவைக்குப் பிறகும் பிழை பிடிபடாவிட்டால், நீங்கள் எழுந்து அதைப் பலகையில் செங்குத்தாக எழுதுங்கள். முதல் வாரம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கிற பிள்ளையின் பத்தியை அடுத்ததாக வாசிக்கச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். வருகிற வருமானத்தில் மாமிக்கும் ஒரு பங்கு கொடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார். கையில் வைத்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் மிஞ்சியிருக்கின்றன. புத்தகம் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் வரைவிலக்கணங்களே அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம். பாடத்தையும் விட வேண்டாம். ஆனால் அதில் ஒரு பகுதியைத் தள்ளிப்போடலாம். 'நொட் ஒன்லி, பட் ஓல்சோ', 'ஈதர், ஓர்' போன்ற இரட்டை இணைப்புகளைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இப்போது தொடாதீர்கள். அங்கே உறுப்புகளின் வடிவம் மட்டுமல்லாமல், இணைப்புச்சொல் நிற்கும் இடமும் சேர்ந்து பொருந்த வேண்டும். 'ஹி நொட் ஒன்லி பிளேஸ் கிரிக்கெட் பட் ஓல்சோ புட்போல்' என்பதில் முதற்பாதியில் வினை இருக்கிறது, பிற்பாதியில் இல்லை; 'ஹி பிளேஸ் நொட் ஒன்லி கிரிக்கெட் பட் ஓல்சோ புட்போல்' என்று வினையை முன்னுக்கு எடுக்க வேண்டும். சாதாரண பட்டியலிலேயே தடுமாறும் பிள்ளைக்கு இது சுமை. உயர்தர மாணவர்களுக்கு மட்டும் அடுத்த தவணையில் தொடங்குங்கள். பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் மாணவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். அவர்களிடம் வேலை விண்ணப்பக் கடிதமொன்றை எழுதித் தரச் சொல்லி, தங்கள் திறமைகளைப் பட்டியலிடும் அந்த வசனத்தை மாமியின் முன்னால் வாசிக்க விடுங்கள்.