பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூதைப் பிரிட்டன் 1915-ல் ஒரு முறை, 1927-ல் ஒரு முறை அங்கீகரித்தது ஏன்? முதல் அங்கீகாரம் போதவில்லையா?

போதவில்லை. 1915-ல் அவருக்குக் கிடைத்தது பிரிட்டனின் நிழலில் இருக்கும் ஒரு தலைவருக்கான அங்கீகாரம். 1927-ல் கிடைத்தது ஓர் அரசருக்கானது. இரண்டு ஒப்பந்தங்களிலும் ‘அங்கீகரிக்கிறது’ என்ற சொல் இருக்கிறது. அதை ஒட்டி என்னென்ன நிபந்தனைகள் வருகின்றன, எதிர்ப்பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பவற்றில்தான் வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்துல் அஸீஸ் இப்னு சவூத் 1902-ல் ரியாத்தைப் பிடித்தார். அடுத்த பத்தாண்டுகளில் பல முறை பிரிட்டனின் ஆதரவைக் கேட்டார்; ஒவ்வொரு முறையும் மறுப்பே வந்தது. அவருடைய கோரிக்கை போன வழியைப் பார்த்தால் காரணம் புரியும். குவைத்திலோ பஹ்ரைனிலோ இருந்த அரசியல் முகவரின் கைக்கு முதலில் வரும். அவர் அதைப் பாரசீக வளைகுடாவுக்கான பிரிட்டனின் தலைமைப் பிரதிநிதியான ரெசிடென்ட் அமர்ந்திருந்த பூஷெருக்கு அனுப்புவார். அங்கிருந்து பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுத் துறைக்குப் போகும். பிறகு லண்டனில் இந்தியா அலுவலகம். விஷயம் உஸ்மானியப் பேரரசைத் தொடுவதால் வெளியுறவு அலுவலகத்தையும் கேட்டாக வேண்டும். வளைகுடாவில் இருந்த அதிகாரிகள் பலர் இவரைக் கைக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்றே எழுதினார்கள். ஆனால் உஸ்மானியரைப் பகைத்துக்கொள்ள வெளியுறவு அலுவலகத்துக்கு மனமில்லை. கரை எங்கள் அக்கறை, உள்நாட்டுப் பாலைவனம் எங்கள் வேலையல்ல என்பதுதான் அன்றைய கொள்கை.

1913 மே மாதம் அவர் அல்-ஹஸாவைப் பிடித்து வளைகுடாக் கரைக்கே வந்துவிட்டார். அப்போதும் லண்டன் அசையவில்லை. அதே ஆண்டு ஜூலையில் உஸ்மானியரோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையில், ரியாத் அமைந்த நடு அரேபியப் பகுதியான நஜ்தை உஸ்மானிய நிலப்பகுதியாகவே பிரிட்டன் ஏற்றது. கதவு அடைபட்டதைப் பார்த்த இப்னு சவூத் 1914 மே மாதம் உஸ்மானியரோடு ஓர் உடன்பாடு செய்து, நஜ்தின் ஆளுநர் என்ற பதவியை ஏற்றுக்கொண்டார். இதைத் துரோகம் என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பத்தாண்டு தட்டியும் திறக்காத கதவின் முன் ஒருவர் வேறென்ன செய்வார்?

1914 நவம்பரில் பிரிட்டனுக்கும் உஸ்மானியருக்கும் போர் வந்ததும் கணக்கு மாறியது. குவைத்தில் அரசியல் முகவராக இருந்த கேப்டன் ஷேக்ஸ்பியர் இப்னு சவூதிடம் அனுப்பப்பட்டார். அவர் 1915 ஜனவரி 24 அன்று, உஸ்மானியர் பக்கம் நின்ற எதிரி இப்னு ரஷீதின் படையோடு நடந்த ஜராப் சண்டையில் கொல்லப்பட்டார். பேச்சு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் அதை முடித்தவர் வளைகுடா ரெசிடென்ட் சர் பெர்சி காக்ஸ்; இடம் கத்தீஃப் அருகே தாரூத் தீவில் உள்ள தாரின்; நாள் 1915 டிசம்பர் 26. வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு சிம்லாவில் ஒப்புதல் கையெழுத்திட்டது 1916 ஜூலை 18 அன்று. இது முக்கியம்: எதிர்ப்பக்கத்தில் இருந்தது இந்திய அரசு. வளைகுடா ஷேக்குகளோடு ஒப்பந்தம் போட்ட அதே அலுவலகம், ஏறக்குறைய அதே அச்சு.

அந்த ஏழு ஷரத்துகளில் முதலாவது, நஜ்த், அல்-ஹஸா, கத்தீஃப், ஜுபைல் ஆகியவை அவருடையவை, அவர் முன்னோருடையவை என்று ஏற்கிறது. எல்லைகளைப் பிறகு பேசி வரையறுப்போம் என்கிறது. கூடவே ஒரு கொக்கி: அடுத்து வரும் ஆட்சியாளர் பிரிட்டனுக்குப் பகையானவராக இருக்கக் கூடாது. இரண்டாவது ஷரத்து, அந்நிய வல்லரசு தாக்கினால் உதவி உண்டு என்கிறது. அவரைக் கலந்துகொண்ட பிறகு, எந்த அளவு, எந்த வகை என்பதைப் பிரிட்டனே முடிவு செய்யும். மூன்றாவதன்படி வேறெந்த அந்நிய அரசோடும் கடிதத் தொடர்போ ஒப்பந்தமோ கூடாது. நான்காவதன்படி பிரிட்டனின் சம்மதமில்லாமல் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. ஐந்தாவது, புனிதத் தலங்களுக்குப் போகும் பாதைகளைத் திறந்து வைப்பது. ஆறாவது, குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமான் கரை ஷேக்குகள் மீது கை வைக்காமல் இருப்பது. ஏழாவது, விரிவான ஒப்பந்தம் பிறகு வரும் என்ற வாக்குறுதி.

ஆறாவது ஷரத்தை இரண்டு முறை படியுங்கள். மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸ் அதில் இல்லை. ஹிஜாஸை ஆண்ட மக்காவின் ஷரீஃப் ஹுசைனோடு கெய்ரோவிலிருந்து பிரிட்டிஷ் உயர் ஆணையர் மெக்மஹன் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததும் இதே மாதங்களில்தான். ஒரு கை கெய்ரோவில், இன்னொரு கை பூஷெரில். இரண்டு ஆட்சியாளர்களுக்கும் நடுவில் எல்லை எது என்று எந்தத் தாளிலும் இல்லை. 1924-ல் இப்னு சவூதின் படை ஹிஜாஸின் தாயிஃப் நகருக்குள் நுழைந்தபோது 1915 ஒப்பந்தத்தின் எழுத்தை அது மீறவில்லை. இந்த விவகாரத்தில் நடந்த பிழைகளில் ஆகப் பெரியது இதுதான் என்பேன்.

பணமும் பட்டங்களும் இதே அளவுகோலில்தான் வந்தன. 1916 நவம்பரில் குவைத்தில் கூட்டிய தர்பாரில் இப்னு சவூதுக்கு கே.சி.ஐ.இ. பட்டம் அளித்தார்கள், இந்திய சமஸ்தான மன்னர்களுக்கு அளித்த வரிசையைச் சேர்ந்த பட்டம் அது. 1917 முதல் மாதம் 5,000 பவுண்டு உதவித்தொகை. ஹுசைனுக்கு மாதம் லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆனால் அவருக்கும் கேட்ட பெயர் கிடைக்கவில்லை. 1916 அக்டோபர் இறுதியில் அவர் ‘அரபு நாடுகளின் அரசர்’ என்று பிரகடனம் செய்தார். 1917 ஜனவரியில் பிரிட்டனும் பிரான்ஸும் அவரை ‘ஹிஜாஸின் அரசர்’ என்று மட்டுமே ஏற்றன. அரபு நாடுகள் என்று ஏற்றிருந்தால் சிரியா, ஈராக் மீதான உரிமையையும் ஏற்றதாகிவிடும். இப்னு சவூதும் அவருக்குக் கீழே போய்விடுவார். இந்தத் துறையில் பட்டப்பெயர் என்பது வரைபடம். 1921-ல் இப்னு சவூதை ‘நஜ்தின் சுல்தான்’ என்று பிரிட்டன் ஏற்றதையும் அப்படியே படிக்க வேண்டும்: பெயரில் ஹிஜாஸ் இல்லை.

ஹுசைன் 1921-ல் பிரிட்டனின் தூதராக லாரன்ஸ் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். பாலஸ்தீனத்தையும் சிரியாவையும் பிரிட்டனும் பிரான்ஸும் எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை. அவருடைய மனக்கசப்பு நியாயமானது. ஆனால் அதன் விலை, 1924-ல் அவர் தனித்து விடப்பட்டதுதான். இப்னு சவூதின் உதவித்தொகையும் அந்த ஆண்டு மார்ச்சோடு நின்றுபோயிருந்தது. அவரைத் தடுத்து நிறுத்தும் பிடி பிரிட்டனிடம் இல்லை. 1925 டிசம்பரில் ஜித்தா விழுந்தது. 1926 ஜனவரி 8 அன்று அவர் ஹிஜாஸின் அரசரானார். முதலில் அங்கீகரித்தது சோவியத் யூனியன், பிப்ரவரி 16 அன்று. அந்நிய அரசுகளோடு பேசக் கூடாது என்ற 1915-ன் மூன்றாவது ஷரத்து அன்றே செத்துவிட்டது. பிரிட்டனும் அடுத்த சில வாரங்களில் அங்கீகரித்தது.

ஆக புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. பிரிட்டன் சார்பில் பேசியவர் சர் கில்பர்ட் கிளேட்டன்; உடன் ஜார்ஜ் அன்டோனியஸ். எதிரே இப்னு சவூதின் மகன் இளவரசர் ஃபைசல் கையெழுத்திட்டார். ஜித்தா, 1927 மே 20. இம்முறை வைஸ்ராய் இல்லை. அரசருக்கு எதிரே அரசர். முதல் ஷரத்து அவருடைய ஆட்சிப்பகுதிகளின் ‘முழுமையான, நிபந்தனையற்ற சுதந்திரத்தை’ ஏற்றது. வாரிசு பற்றிய கொக்கி போனது, வெளியுறவுத் தடை போனது, நிலத்துக்கான சம்மதம் போனது. 1915 ஒப்பந்தம் ரத்தானதாக ஒரு ஷரத்தே சொல்கிறது. காலம் ஏழு ஆண்டு.

பதிலுக்குப் பிரிட்டன் பெற்றவை: வளைகுடா ஷேக்குகளோடு நட்புறவு, அடிமை வணிகத்தை ஒழிக்க ஒத்துழைப்பு, பிரிட்டிஷ் குடிகளான முஸ்லிம்களின் ஹஜ்ஜுக்கு வசதி. நான்காவது ஷரத்தின்படி, பயணத்தில் இறந்துபோகும் ஹாஜிக்கு அங்கே பொறுப்பாளர் யாரும் இல்லையென்றால், அவர் உடைமை ஜித்தாவிலுள்ள பிரிட்டிஷ் முகவரிடம் ஒப்படைக்கப்பட்டு வாரிசுகளுக்கு அனுப்பப்படும். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியவர்களுக்கும் பொருந்திய ஷரத்து இது. ஆங்கிலமும் அரபும் சம மதிப்புள்ளவை என்று எழுதிவிட்டு, பொருளில் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்றும் சேர்த்தார்கள். சமத்துவம் அந்த வரியோடு நின்றுவிட்டது.

ஒத்துவராதவற்றை ஒப்பந்தத்துக்கு வெளியே, பக்கக் கடிதங்களில் தள்ளினார்கள். ஒப்பந்தத்தை மட்டும் படித்து நிறுத்துபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தஞ்சம் புகும் அடிமைகளை விடுவிக்கும் உரிமையை ஜித்தாவிலிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகம் விட்டுத்தரவில்லை என்பது ஒரு கடிதம். 1936-ல்தான் அதைக் கைவிட்டார்கள். மஆன், அகபா என்ற இரண்டு ஊர்களும் டிரான்ஸ்ஜோர்தானுக்கு (இன்றைய ஜோர்தான்) உரியவை என்பதை இப்னு சவூத் ஏற்கவில்லை. அப்போதிருந்த நிலையைக் குலைக்க மாட்டேன், இறுதி முடிவு பிறகு என்று மட்டும் கடிதம் கொடுத்தார். அந்த எல்லையை ஜோர்தானும் சவூதி அரேபியாவும் பேசி முடித்தது 1965-ல்.